கூப்பிடு தூரம்

அமெச்சூர் வானொலிக்கான, அதாவது காசுக்காக இல்லாமல் விருப்பத்துக்காக ரேடியோவில் மற்றவர்களோடு பேசுவதற்கான, அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு பதினோரு நாள் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ரேடியோ இருந்தது, பற்றரி இருந்தது, காற்றில் என் பேராக நிற்கும் ஓர் அழைப்புக்குறியும் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் இலங்கை மலைநாட்டில் எங்கள் ஊரான அப்புத்தளை முகட்டுக்கு ஏறிப் போவேன். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கையடக்க ரேடியோவைத் திறப்பேன். யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் வெறும் இரைச்சல் இருக்கும். பக்கத்துப் பொத்தானில் கட்டைவிரலை வைப்பேன். கொஞ்ச நேரம் அப்படியே இருப்பேன். அப்புறம் விரலை எடுத்துவிட்டு, பனி இறங்குவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

பேசப் பயப்படுகிற ஆள் இல்லை நான். தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுக்க நின்று பேசுகிறவள். மீடிறன் (அதிர்வெண்), அலைநீளம், வானத்து உயரத்தில் ரேடியோ அலைகளைத் திருப்பிவிடும் அயன மண்டலம் எல்லாம் படித்துத்தான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறினேன். ஆனால் பொத்தானை அழுத்திய பிறகு என்ன பேசுவது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் இருப்பார். அவரைத் தவிர இன்னும் எத்தனையோ பேர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார்கள். தொலைபேசியில் பேசுவது போல ஒருவர் காதுக்கு மட்டும் இங்கே பேச முடியாது.

அந்தப் பதினோரு நாளில் இப்போது இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்டெனா பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பேச்சைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு.

எங்கள் வீட்டில் ரேடியோ என்றால் கேட்கிற சாமான். அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், மெக்கானிக்காக இருந்தவர். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் எஸ்.பி. மயில்வாகனன், பி.எச். அப்துல் ஹமீத் எல்லாம் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. மரண அறிவித்தல் போகும் நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ராத்திரியானால் மத்திய அலையில் தமிழ்நாட்டு நிலையங்களைத் தேடிப் பிடிப்பார். பகலில் வராதது ராத்திரியில் மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டால், "ராத்திரியில ஊரு அடங்கிருதுல்ல" என்பார். பகல் வெயிலில் அயன மண்டலத்தின் கீழ் அடுக்கு அந்த அலைகளை விழுங்கிவிடுகிறது, இருட்டியதும் அது கலைந்துபோக, அலைகள் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வருகின்றன என்று பிற்பாடு நானே படித்துக்கொண்டேன். அந்தப் பெட்டிக்குள் நாமும் பேசலாம் என்பது எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாருக்கும் தோன்றியதில்லை.

எனக்குத் தோன்ற வைத்தவர் பண்டாரவளையில் இருக்கும் ஒரு பெரியவர். தபாலகத்தில் தந்தி அடித்து ஓய்வு பெற்றவர். அப்பாவின் பழைய பழக்கம் என்பதால் நான் அவரை மாமா என்பேன். பரீட்சைக்குப் படிக்கும்போதே மூன்று வாரம் என்னைக் கேட்க மட்டும் வைத்தார். ஒரு கொப்பியும் பென்சிலும் தந்து, "யாரு யாரைக் கூப்பிட்டாங்க, யாரு எப்ப நிறுத்துனாங்க, அதை மட்டும் எழுது புள்ள. என்ன பேசுனாங்கன்றத விட்டுரு" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் எழுதினேன்.

இரண்டாவது வாரம் கொப்பியைப் புரட்டியபோதுதான் பிடிபட்டது. நன்றாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு வேலை செய்கிறார்கள். மற்றவர் முடித்ததும் உடனே பிடித்துக்கொள்வதில்லை. ஓர் இடைவெளி விடுகிறார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம். அப்புறம் பொத்தானை அழுத்துகிறார்கள். அழுத்தியவுடன் வாயைத் திறப்பதும் இல்லை, அரை வினாடி கழித்துத்தான் முதல் சொல் வருகிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ரேடியோவில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நான் அழுத்தியிருக்கும்வரை எனக்கு எதுவும் கேட்காது. இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் இரண்டும் போய்விடும், கேட்கிறவருக்குக் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சும். மலை உச்சியில் ரிப்பீட்டர் வைத்திருந்தால், அது நம் அலையை வாங்கி இன்னொரு மீடிறனில் திருப்பி அனுப்பத் திறந்துகொள்ளவே ஒரு கணம் எடுக்கும். அதற்கு முன் பேசிவிட்டால் முதல் எழுத்துகள் வெட்டுப்படும். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. எங்கேயோ ஒருவருக்கு அவசரம் என்றால், அவர் உள்ளே வர அந்த இடைவெளியைத் தவிர வேறு கதவு கிடையாது.

மாமா இதை விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டிக்கு ரேடியோ தெரியாது, மலைக்கு மலை கூப்பிடத் தெரியும். எங்கள் லயத்துக்கு எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் இன்னொரு மலை. அங்கே கொழுந்தெடுக்கும் மகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், பாட்டி வாசல் கல்லில் ஏறி நின்று இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவித்து, பேரின் கடைசி எழுத்தை நீட்டிக் கூப்பிடுவார். "ராசாத்தீ..." அவ்வளவுதான். சேதியைச் சொல்ல மாட்டார். பேர் மட்டும். அப்புறம் கையைக் காதுக்கு மாற்றிக்கொண்டு நிற்பார். முதலில் எதிரொலி வரும். எதிர் மலை அரைக் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒலி போய்த் திரும்ப மூன்று வினாடி ஆகும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்குப் பொறுமை இருக்காது, உடனே நானும் சேர்ந்து கத்துவேன். பாட்டி என் வாயைப் பொத்துவார். "சத்தம் வந்து அடங்கட்டும்டி. அதுக்குப் பொறவுதான் அவ கொரலு வரும்." எதிரொலி அடங்கியதும், தூரத்தில் மெல்லிசாக "ஓ..." என்று வரும். அதற்குப் பிறகுதான் பாட்டி சேதியைச் சொல்லுவார், அதுவும் நாலு சொல்லில், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு.

முதலில் பேர். அப்புறம் காத்திருப்பு. பதில் வந்தால்தான் சேதி. சேதி சுருக்கமாக. ரேடியோவில் பேசும் முறை என்று மாமா சொல்லித்தந்ததில் இதற்கு மேல் எதுவும் இல்லை. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு, தப்படித்துக் கூப்பிட்ட காலத்திலிருந்து சத்தத்தை மலை கடத்திப் பழகிய ஜனங்கள் நாங்கள். இது எனக்குத் தெரிந்த வித்தைதான் என்று நினைத்துக்கொண்ட அன்றைக்குத்தான், பன்னிரண்டாவது நாள், பேசினேன்.

அந்த முகட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்புத்தளை டவுன் கத்தி முனை மாதிரி ஒரு மலைத்தொடரின் மேல் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே. வடக்கே திரும்பினால் தியத்தலாவை, பண்டாரவளை, அதற்கப்பால் நமுனுகுல மலை. தெற்கே திரும்பினால் நிலம் அப்படியே விழுந்து, கீழே தென்பகுதிச் சமவெளி விரிந்து கிடக்கும். துப்புரவான காலையில் அதன் விளிம்பில் கடல் வெள்ளிக் கோடாகத் தெரியும். இரண்டு மீற்றர் அலைவரிசை, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது, ஏறக்குறையக் கண் போகிற வழியில்தான் போகும். அந்த உயரத்திலிருந்து அதற்கு 150 கிலோமீற்றர்வரை அடிவானம் கிடைக்கிறது. அம்பாந்தோட்டை நேர்கோட்டில் 75 கிலோமீற்றர் இருக்கும். பஸ்ஸில் போனால் அரை நாள் பயணம், ரேடியோவுக்கு எதிர்வீடு. ஆனால் எங்கள் லயம் முகட்டுக்கு வடக்கே, சரிவில் இருக்கிறது. வாசலில் நின்று அழுத்தினால் முழு மலையும் குறுக்கே நிற்கும். அதனால்தான் இந்த ஏற்றம்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐந்தரை மணி. அலை காலியாக இருக்கிறதா என்று இரண்டு நிமிடம் கேட்டேன். பிறகு அழுத்தி, "சி-க்யூ, சி-க்யூ" என்று, யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்போடு ஆரம்பித்து என் அழைப்புக்குறியை உச்சரித்தேன். இலங்கையின் குறிகள் 4எஸ் என்று தொடங்கும். அதை அப்படிச் சொன்னால் இரைச்சலில் எஸ் எஃப் ஆகிவிடும் என்பதால் "ஃபோர் சியெரா" என்போம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்: அல்பா, பிராவோ, சார்லி என்று உலகம் முழுக்க ஒரே பட்டியல். சொல்லி முடித்து விரலை எடுத்தேன். இரைச்சல். எதிரொலி அடங்கட்டும் என்று மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஓர் ஆண் குரல் வந்தது. கொஞ்சம் வயதான குரல், நிதானமானது. என் குறியின் கடைசி இரண்டு எழுத்தை மட்டும் சொல்லி, முன்பாதி விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பதற்றத்தில் அழுத்திய கையோடு பேசியிருக்கிறேன், தலை வெட்டுப்பட்டுவிட்டது. திரும்ப அழுத்தி, அரை வினாடி விட்டு, முழுதாகச் சொன்னேன். அவர் தன் குறியைச் சொன்னார். என் பேச்சு எப்படிக் கேட்கிறது என்பதற்கு எனக்கு ஐந்து ஏழு கொடுத்தார். தென்கரையில் கடலோரத்து ஊர் ஒன்றில் இருக்கிறாராம். ஓவர்.

இப்போது என் முறை. பேர் சொன்னேன், அப்புத்தளை என்றேன், அவருக்கு ஐந்து ஒன்பது கொடுத்தேன். அதோடு எனக்கு எல்லாம் தீர்ந்துபோயிற்று. பொத்தான் அழுத்தியபடி இருக்கிறது, வாயில் ஒன்றும் இல்லை. "ஓவர்" என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

அவர் ஓர் இடைவெளி விட்டார். பிறகு சிங்களத்துக்கு மாறி, இது உங்கள் முதல் தொடர்பா மகளே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சரி, அவசரமில்லை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து இப்போது என்ன தெரிகிறது, அதைச் சொல்லுங்கள்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பனி கீழேயிருந்து ஏறிக்கொண்டிருந்தது. சமவெளியில் ஒரு குளம் மட்டும் வெயிலைப் பிடித்து மின்னியது. அதைச் சொன்னேன். அது எந்தக் குளமாக இருக்கும் என்று அவர் யோசித்தார். அந்தக் குளத்தங்கரையில் தன் அண்ணனுக்கு வயல் இருக்கிறது என்றார். நான் வயலைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது நிமிடம் பேசியிருக்கிறோம். கொப்பியில் நேரம் எழுதும்போதுதான் தெரிந்தது.

இன்றுவரை எனக்குப் பேச்சு முட்டினால் இதைத்தான் செய்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்து, கண்ணில் படுவதைச் சொல்கிறேன்.

அந்த ஐந்து ஏழு, ஐந்து ஒன்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. முதல் எண், பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்பது, ஒன்றிலிருந்து ஐந்துவரை. இரண்டாவது, அலை எவ்வளவு பலம், ஒன்றிலிருந்து ஒன்பதுவரை. போட்டிகளில் எல்லோரும் எல்லோருக்கும் ஐம்பத்தொன்பது கொடுத்துவிட்டுப் போவார்கள், அங்கே வேகம்தான் முக்கியம், அது வேறு. ஆனால் சாதாரணப் பேச்சில் ஒருவர் தன் அன்டெனாவைத் திருத்திவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது, முகத்துக்காக ஐம்பத்தொன்பது கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி இல்லை. முதல் நாள் நான் ரேடியோவில் அலையின் பலம் காட்டும் மீற்றரைப் பார்க்காமலே கொடுத்தேன். இப்போது பார்த்துத்தான் கொடுக்கிறேன். மூன்று நான்கு என்றால் மூன்று நான்கு. யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்ற பயமும் புதியவர்களுக்கு உண்டு. வியாபாரம் பேசக்கூடாது, காசு வாங்கிக்கொண்டு சேதி கடத்தக்கூடாது, பொருள் மறைத்த குறியீட்டில் பேசக்கூடாது. இதெல்லாம் பரீட்சைக்கே வரும். ஆனால் சர்வதேச வானொலி ஒழுங்குவிதிகளில் 25ஆம் உறுப்புரையை நான் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறேன். வெவ்வேறு நாட்டு அமெச்சூர்கள் அமெச்சூர் சேவை தொடர்பான விஷயங்களையும் "தனிப்பட்ட தன்மையுள்ள" சொற்களையும் பேசிக்கொள்ளலாம் என்கிறது அது. மழை, முழங்கால் வலி, மகளின் பரீட்சை, நட்ட கரட் முளைக்கவில்லை என்பதெல்லாம் சட்டப்படியே இடமுள்ள பேச்சு. அதைப் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது.

மாமா தந்த இன்னொரு வழி: அவர் பேசும்போது காகிதத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதிக்கொள். உன் முறை வந்ததும் அந்தச் சொல்லில் இருந்து ஆரம்பி. தந்தி அடித்தவர் இல்லையா, சொல்லுக்கு விலை தெரியும் அவருக்கு. முடிக்கும்போது நாங்கள் சொல்லும் 73கூடத் தந்திக்காரர்கள் தந்ததுதான். வெஸ்டர்ன் யூனியன் கம்பனி 1859இல் வைத்த எண் குறியீடுகளில் அதுவும் ஒன்று, இன்றைக்கு அதற்கு நல்வாழ்த்து என்று பொருள். 88 என்றால் அன்பும் முத்தமும். பெண் குரல் கேட்டதும் சிலர் 88 சொல்லி முடிப்பார்கள். நான் 73 என்று மட்டும் திருப்பிச் சொல்லி, குறியைக் கொடுத்து, அலையை விட்டு விலகிவிடுவேன். பெண் பிள்ளைகள் இதை வாசித்தால் ஒன்று சொல்கிறேன்: பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை இந்த ரேடியோவில் யாருக்கும் கிடையாது. வீடு எங்கே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை. டவுன் பேர் போதும்.

இந்தப் பழக்கமெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்து அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, இலங்கை அமெச்சூர் விக்டர் குணத்திலக்கவும் அமெச்சூர்களின் அமைப்பான இலங்கை வானொலிச் சங்கத்து நண்பர்களும் சிற்றலையில்தான் அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதே மாதம் அந்தமானில் இருந்த பாரதி பிரசாத் என்ற இந்திய அமெச்சூர், போர்ட் பிளேயரில் இருந்து இரவு பகலாகச் சேதி கடத்தினார். எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நான் உட்காரும் கல்லில் இருந்து பார்த்தால் அந்தப் பக்கத்து மலைகள் தெரியும். மழைக்காலத்தில் ஒவ்வொரு முறையும் ரேடியோவைத் திறக்கும்போது அது நினைவில் வரும். அவசரம் வருகிற அன்றைக்குப் போய்ப் பேசப் பழக முடியாது. சுருக்கமாகச் சொல்ல, திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த, அடுத்தவருக்கு இடம் விட, குளத்தைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசுகிற சாயங்காலங்களில்தான் கை பழக வேண்டும்.

அடுத்த வகுப்புப் பரீட்சையும் எழுதிய பிறகு மாமா தன் பழைய சிற்றலை ரேடியோவை இரவலாகத் தந்தார். 40 மீற்றர் அலைவரிசைக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, டைபோல் என்ற அன்டெனா பக்கத்துக்குப் பத்து மீற்றராக இருபது மீற்றர் செம்புக் கம்பி, நடுவில் ஒரு கேபிள். யூக்கலிப்டஸ் மரம் ஒன்றுக்கும் கோயில் பக்கத்து மரம் ஒன்றுக்கும் இடையில் கட்டினேன். லயத்துத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொண்டேன். மரம் உயரம் போதாது, கம்பி தாழ்வாகத்தான் நின்றது. வருத்தப்பட்டேன். மாமா, "அது நல்லதுதான் புள்ள" என்றார். தாழ்வான கம்பி அலையை நெட்டுக்கு மேலே எறியும், அது அயன மண்டலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றிலும் சில நூறு கிலோமீற்றருக்கு இறங்கும். மலை குறுக்கே நிற்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கென்றே ஆன வழி இது. ஒக்டோபர், நவம்பர் மத்தியானங்களில் மட்டும் இடி முழங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். அதில் சோம்பல் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏழு மணி இருக்கும். 40 மீற்றரில் தமிழ்க் குரல்கள். தமிழ்நாட்டு அமெச்சூர்கள் நாலைந்து பேர் முறை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட ஓர் இடைவெளியில் என் குறியை ஒரு தரம் மட்டும் சொல்லிவிட்டு விரலை எடுத்தேன். "சிலோன் ஸ்டேஷன் ஒண்ணு கூப்பிடுது, எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க" என்றது ஒரு குரல். எல்லோரும் நின்றார்கள்.

அவர் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார். இங்கிருந்து 700 கிலோமீற்றர் வரும். வழக்கம் போல அப்புத்தளை என்றேன். இடைவெளி. "அப்புத்தளையில எந்தத் தோட்டம்மா?" என்றார். காற்றில் சொல்வதில்லை என்று நான் வைத்திருந்த விஷயம் அது. ஆனால் அந்தக் கேள்வியைத் தோட்டத்து ஆள் அல்லாத ஒருவர் கேட்க மாட்டார். எங்கள் மலைகளில் தோட்டத்துக்கு இரண்டு பேர் உண்டு. கடதாசியில் வெள்ளைக்காரன் வைத்த பேர், வாயில் நாங்கள் வைத்த பேர். கடதாசிப் பேரை அல்பா பிராவோ போட்டுச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. சரியென்று, வாய்ப்பேரைச் சொன்னேன்.

இந்த முறை இடைவெளி நீண்டது. அலை விழுந்துவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு வந்தார். "தங்கச்சி, எங்கம்மா பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்க பொறந்தது அந்தத் தோட்டந்தான்."

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானது. எங்கள் லயத்தில் இருந்தும் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறின. தமிழ்நாட்டு அரசு அவர்களில் பலரை நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டு அமர்த்தியது. அந்த அம்மா போகும்போது இருபது வயது தாண்டியவராம். மைக்கில் பேச அவருக்கு லைசென்ஸ் கிடையாது, மகன் அந்த விதியை மீறுகிறவர் இல்லை. அதனால் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மகனும் நானும் பேசினோம்.

நான் காகிதத்தில் எழுதிய சொல் "அம்மா". அதிலிருந்து தொடங்கினேன். ஜன்னலைத் திறந்து தெரிந்ததைச் சொன்னேன். மாரியம்மன் கோயிலுக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறது. கீழ் லயத்தில் கூரை மாற்றிவிட்டார்கள், மேல் லயம் அப்படியே இருக்கிறது. ஸ்டோர் ஓடுகிறது. பெரட்டுக்களத்து மாமரம் போன வருஷம் காற்றில் விழுந்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை எடுப்பேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில், 700 கிலோமீற்றருக்கு அப்பால் ஓர் அறையில் அவர்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொள்ளும் நேரம் வெறும் இரைச்சலாகக் கேட்கும். நான் அவசரப்படவில்லை.

"ஸ்டோர்ல சங்கு இன்னும் ஊதுறாங்களான்னு அம்மா கேக்குறாங்க" என்றார் கடைசியில். அலை அப்போது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஊதுகிறார்கள், ஆனால் இன்றைக்கு ஞாயிறு, ஊத மாட்டார்கள், சனிக்கிழமை ஏழு மணிக்கு ஊதும் என்றேன். அதற்குமேல் அவர் குரல் இரைச்சலுக்குள் போய்விட்டது. மூன்று தரம் குறியைச் சொல்லிக் காத்திருந்துவிட்டு, 73 சொல்லி முடித்தேன்.

சனிக்கிழமை ஆறு ஐம்பதுக்கே அவர் அதே அலையில் இருந்தார். மற்றவர்களிடம் சொல்லி அலையைக் காலியாக வைத்திருந்தார். எங்கோ இடி இருக்கிறது போல, படபடவென்று இரைச்சல். ஏழாவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஜன்னல் கதவை முழுக்கத் தள்ளி, வயர் எட்டுகிற மட்டும் மைக்கை வெளியே நீட்டிப் பிடித்தேன். சங்கு தொடங்கியதும் அழுத்தினேன். அது ஊதி, இழுத்து, எதிர் மலையில் பட்டுத் திரும்பி அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை.

எடுத்தேன். எண்ணினேன். பத்துவரை எண்ணியிருப்பேன்.

"மூணு நாலு தங்கச்சி" என்றார். அவருக்கும் மீற்றரைப் பார்த்துத்தான் பழக்கம். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "அம்மா அஞ்சு ஒன்பதுன்னு எழுதிக்கச் சொல்றாங்க" என்றார். கொப்பியில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.